பட்டன் போன் புராணம்

ஐபோன் தயாராகிற ஊரில் பட்டன் போனுக்கு இன்னமும் கிராக்கி என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் - எந்தக் கடைத்தெருவிலும் செல்போன் கடைக்குள் எட்டிப் பாருங்கள். மேல் தட்டில் ஸ்மார்ட் போன்கள் கதாநாயகர்கள் மாதிரி போஸ் கொடுத்துக்கொண்டிருக்கும். கீழ்த் தட்டில் துணை நடிகர்கள் மாதிரி அடக்க ஒடுக்கமாகப் பட்டன் போன்கள். வாங்க வருகிறவர்கள் தாத்தா பாட்டிகள் மட்டும் இல்லை ஸார். ஐ.டி.ஐ. முடித்து நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்த வாலிபர்களும்தான்.

காரணம், கேமரா. இந்த வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் கேமரா வைத்த போன் உள்ளே போகக்கூடாது. கேட்டில் செக்யூரிட்டி மடக்குவார். சில இடங்களில் கேமராக் கண்ணுக்குத் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். சில இடங்களில், "வெச்சிட்டுப் போ" என்று லாக்கரைக் காட்டுவார். ஷிஃப்டு நேரத்தில் வீட்டிலிருந்து அவசரம் என்றால்? அதற்குத்தான் கண்ணில்லாத, காது மட்டும் உள்ள பட்டன் போன்.

போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட் வாலிபர் சட்டைப் பையில் ஒன்று, பேன்ட் பையில் ஒன்று வைத்திருந்தார். "இது ஊரைப் பாக்க, இது ஊர்ல பேச" என்றார். என் வயதுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. அதனால் இந்த வாரம், பட்டன் போன் புராணம்.

* * *

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1995 ஜூலை 31-ம் தேதி கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். இந்தியாவின் முதல் செல்போன் கால் அது. அப்போது பிஸியான நேரத்தில் ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 பைசா வரை வாங்கலாம் என்று சட்டமே இருந்தது. ஒரு நிமிஷம் பேசுகிற காசில் ஏறக்குறைய ஒரு சாப்பாடு. அதுவும் பேசினால் மட்டும் காசு இல்லை, கேட்டாலும் காசு!

சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டே கம்பெனிகள். மிச்சத் தமிழ்நாட்டுக்கு பி.பி.எல்., ஏர்செல். பிற்பாடு ஸ்கைசெல்லை ஏர்டெல் விழுங்கியது. ஆர்.பி.ஜி.யை ஏர்செல் விழுங்கியது. பெரிய மீன், சின்ன மீன் கதை எல்லா ஏரியிலும் ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் முதல் செல்போன் வாங்கியவர் என் சித்தப்பா. வருஷம் 2001. தொழில், நிலம் வாங்கிக் கொடுப்பது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து, 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்த பிறகு இந்தப் பக்கம் தரிசு நிலத்துக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது. சித்தப்பாவுக்கும் உயிர் வந்துவிட்டது.

ஆனால் போன் அடித்தால் எடுக்கமாட்டார். நம்பரைப் பார்ப்பார். கட் பண்ணுவார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவார். அங்கிருந்து திருப்பிக் கூப்பிடுவார். "எதுக்கு சித்தப்பா, கையிலயே போன் இருக்கே?" என்று கேட்டேன்.

"இன்னாடா பேசுற? அவன் பேசுறதுக்கு நான் இன்னாத்துக்குத் துட்டு கட்டணும்?"

நியாயம்தானே! சித்தப்பாவைப் பொறுத்தவரை செல்போன் என்பது, யார் கூப்பிட்டார்கள் என்று சொல்கிற பெல். அவ்வளவுதான். 2003 மே 1-ம் தேதி இன்கமிங் இலவசம் ஆயிற்று. அன்றிலிருந்து சித்தப்பா பூத்துக்கு ஓடுவதை நிறுத்தினார். தொப்பை போட்டதும் அந்த வருஷம்தான்.

* * *

அந்தக் காலத்தில் ஒருவருடைய நம்பரைக் கேட்டாலே ஜாதகம் தெரிந்துவிடும். 98400 என்றால் சென்னை ஏர்டெல். 98410 என்றால் சென்னையில் ஆர்.பி.ஜி., பின்னாளில் ஏர்செல். 98420 என்றால் வெளி மாவட்டத்து ஏர்செல். 98430 என்றால் பி.பி.எல். 98840 என்றால் சென்னை ஹட்ச். 94440 என்றால் சென்னை பி.எஸ்.என்.எல்.; ஒரு எண் குறைந்து 94430 என்றால் மாவட்டத்து பி.எஸ்.என்.எல். கல்யாணத் தரகர் நட்சத்திரம் கேட்பது மாதிரி, முதல் ஐந்து எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் காலேஜில் நட்பே ஆரம்பிக்கும். ஒரே கம்பெனி என்றால் பேச காசு குறைவு. வேறு கம்பெனி என்றால் நட்பு அளவாக இருக்கும்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி சங்கடம். சென்னை ஒரு வட்டம், மிச்சத் தமிழ்நாடு இன்னொரு வட்டம் என்று லைசென்ஸ் பிரித்திருந்தார்கள். சென்னை நம்பரோடு எல்லை தாண்டினால் ரோமிங். எல்லைக் கோட்டில் வேலியா போட்டிருக்கிறது? சித்தப்பா பூந்தமல்லியில் பஸ் ஏறும்போது உள்ளூர்க்காரர். நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் தாண்டி வர வர போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்டக்டர் சில்லறையை எண்ணுகிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டு வருவார். பெயர் மாறியதும் பட்டென்று அணைத்துவிடுவார். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் ரோமிங். சென்னையில் அடுத்தவன் கடை வாசலில் நின்று பேசினால் லோக்கல்!

ஒரு மாசம் பில் வந்தபோது திண்ணையே அதிர்ந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம். "நான் பாக்கிஸ்தானுக்கா போனேன்? பால் வாங்கத்தானேடா போனேன்!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. 2005-ல் சென்னையையும் தமிழ்நாட்டையும் ஒரே உள்ளூராகக் கணக்கில் எடுத்தார்கள். எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு இணைந்தது அன்றுதான் என்பார் சித்தப்பா.

* * *

நான் சொந்தமாகப் போன் வாங்கியதும் அந்த 2005-ல்தான். பி.காம். இரண்டாம் வருஷம். பழைய நோக்கியா 1100, விலை ஆயிரத்து எண்ணூறு. அதில் ஆயிரம் அம்மாவின் சீட்டுப் பணம்.

1100 என்பது போன் இல்லை ஸார், வேலைக்காரன். 2003-ல் வந்தது. எடை 86 கிராம். 'சி' பட்டனை அழுத்திப் பிடித்தால் நெற்றியில் டார்ச் எரியும். கரண்ட் போன ராத்திரியில் வல்லக்கோட்டை ரோட்டில் சைக்கிளில் வருகிறவனுக்கு அதன் அருமை தெரியும். பட்டன்கள் மேல் ஒரே ரப்பர் போர்வை, தூசி உள்ளே போகாது. ஒரகடத்தில் அப்போது ஆலைகளைவிட லாரிகளும் தூசியும்தான் அதிகம். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. நோக்கியா விற்ற நூறு கோடியாவது போன்கூட ஒரு 1100 தான். 2005-ல் நைஜீரியாவில் ஒருவர் வாங்கினார். நைஜீரியாவிலும் கரண்ட் அப்படித்தான் போலிருக்கிறது.

எங்கள் ரூமில் நான்கு பேர், நான்கு ரகம்.

மதுரைக்காரன் பாண்டியிடம் 3310. கையில் எடுத்தால் படிக்கல் மாதிரி இருக்கும். கீழே விழுந்தால் போன், மூடி, பேட்டரி என்று மூன்று திசையில் தெறிக்கும். மூன்றையும் பொறுக்கிச் சேர்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து கைகுலுக்கும். ரிங்டோனை நாமே தட்டிச் செய்யலாம். ராஜா பாட்டுக்கு எந்தெந்த எண்ணை எத்தனை தடவை தட்டவேண்டும் என்று எழுதின துண்டுக் காகிதம் பரீட்சை பிட்டு மாதிரி கை மாறும். நாலு நாள் தட்டி முடித்து அழுத்தினால் வருவது ராஜாவா, ரயில்வே அறிவிப்பா என்று பட்டிமன்றம் நடத்தலாம்.

இன்னொருவனிடம் ரிலையன்ஸ். 2003-ல் 501 ரூபாய் கட்டினால் போன் என்று ஊரையே வளைத்த 'மான்சூன் ஹங்காமா' சமயத்தில் அவன் அப்பா எடுத்தது. சி.டி.எம்.ஏ. ரகம். சிம் கார்டே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே குடியிருக்கும். குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் கம்பெனியை மாற்ற வேண்டுமென்றால் போனையே மாற்ற வேண்டும். காதல் கல்யாணம் மாதிரி, ஒன்று பிடிக்காவிட்டால் இரண்டையும் விடவேண்டும்.

நான்காமவன் கொஞ்சம் தாமதமாக, 2008-ல் ஒரு சைனா போன் கொண்டுவந்தான். நாலு ஸ்பீக்கர், இரண்டு சிம், ஏரியல் இழுத்தால் டி.வி. அது அடித்தால் பக்கத்துத் தெருவில் எடுப்பார்கள். 2009 நவம்பரோடு, ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத போன்களையெல்லாம் அரசாங்கம் துண்டிக்கச் சொன்னது. நாலு ஸ்பீக்கரும் ஒரே ராத்திரியில் மௌன விரதம். அதற்குப் பிறகும் ஆறு மாதம் அவன் அதை எஃப்.எம். ரேடியோவாக உபயோகித்தான்.

* * *

ரூம் இருந்தது சுங்குவார்சத்திரத்தில். நான் டிகிரி முடித்து 2007-ல் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். மற்ற மூவரும் ஷிஃப்டு. ரூமுக்குள் சிக்னல் என்பது, அரசு அலுவலகத்தில் அதிகாரி மாதிரி; இருப்பார் என்பார்கள், பார்க்கமுடியாது. ஒரு கம்பெனிக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறவேண்டும். இன்னொன்றுக்குக் கிணற்றடி. மூன்றாவதுக்கு ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்பீக்கரில் பேசவேண்டும். ரகசியமே கிடையாது. பாண்டியின் அத்தை பெண் அவனை வேண்டாம் என்று சொன்னது தெருவுக்கே தெரியும்.

வீட்டுக்கார அம்மாள் ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "ஏம்ப்பா, வீடு வாடகைக்கு எடுத்தீங்களா, தண்ணித் தொட்டி வாடகைக்கு எடுத்தீங்களா?"

ராமானுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேல் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. உயரத்தில் ஏறினால்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்தவர். அதுவும் இன்கமிங் இலவசம்! நாங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியதும் அந்த வழியில்தான் என்று வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னேன். வாடகையை நூறு ரூபாய் ஏற்றினார்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? ரீசார்ஜ் கணக்குக்கு ஒரு நோட்டுப் போட்டேன். பற்று, வரவு என்று இரண்டு பக்கம். கூப்பனைக் காசால் சுரண்டி, நம்பரைத் தட்டினால் கையில் வருவது பாதிதான். வரி, புராஸஸிங் என்று மீதி போய்விடும். வேலிடிட்டி முடிந்தால் மிச்சப் பணமும் போய்விடும். தீபாவளி, பொங்கல் அன்று இலவச எஸ்.எம்.எஸ். கிடையாது, வாழ்த்துக்கு முழுக் காசு. அதனால் நாங்கள் எல்லாப் பண்டிகையையும் முதல் நாளே வாழ்த்திவிடுவோம். எஸ்.எம்.எஸ்ஸில் இங்கிலீஷ் எழுத்து என்றால் 160 கொள்ளும், தமிழ் எழுத்து என்றால் 70 தான். ஒரு தலைமுறையே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதப் பழகியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பல போன்களில் தமிழ் எழுத்தே கிடையாது என்பது இன்னொரு காரணம்.

காசில்லாமல் பேசுவதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்தது, மிஸ்டு கால். எங்கள் ரூம் சட்டம் இது. ஒரு ரிங்: பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ரிங்: ஓவர்டைம், சாப்பாடு எடுத்து வை. மூன்று ரிங்: நீ கூப்பிடு, என்னிடம் பேலன்ஸ் இல்லை. எதிரில் இருப்பவன் தப்பித் தவறி எடுத்துவிட்டால், "ஏன்டா எடுத்த?" என்று சண்டை. போனை எடுத்ததற்குத் திட்டு வாங்கிய ஒரே ஜனம் நாம்தான்.

2009-ல் டாடா டோகோமோ, விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தது. மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்கள். அதுவரை ஐந்து விநாடி பேசினாலும் ஒரு நிமிஷக் காசு. அன்றோடு என் நோட்டில் பற்றுப் பக்கம் இளைத்தது. மிஸ்டு காலும் மெல்ல செத்தது.

* * *

இப்போது கொஞ்சம் கனமான சமாச்சாரம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தப் போன்கள் கூப்பிடு தூரத்தில் தயாராயின. 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியே ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலேயே சார்ஜருக்கு ஒரு கம்பெனி, மேல் ஓட்டுக்கு ஒரு கம்பெனி. உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் எட்டாயிரம் பேர் வரை. பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூ முடித்து, திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கத்திலிருந்து முதன்முதலாக வீட்டை விட்டு வந்தவர்கள்.

எங்கள் எதிர் மாடியில் ஆறு பெண்கள் இருந்தார்கள். அதில் மூத்தவர் செய்யாறு பக்கம். நாங்கள் அக்கா என்போம். ஏதோ ஒரு உதிரி பாகக் கம்பெனியில் கீபேடு மாட்டுகிற வேலை. முதல் போனஸில் அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தார். பேட்டரியைக் கழற்றி, 'மேட் இன் இந்தியா' ஸ்டிக்கரைக் காட்டி, "அப்பா, நீ அமுக்குற பட்டன் நான் மாட்டுனதா இருக்கும்" என்றாராம். அவர் அப்பா அதற்குப் பிறகு ஒரு வாரம் அழுத்திப் பேசவே தயங்கினாராம். "புள்ளைக்கு வலிக்கும்" என்று!

அந்தப் பெண்களுக்குப் போன் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. தங்கை வயதுக்கு வந்த சேதி, அப்பாவுக்கு ஆபரேஷன், மாப்பிள்ளை வீட்டார் வருகிற தேதி - எல்லாம் அந்தச் சின்னத் திரை வழியாகத்தான். மாதம் ஒரு கூப்பன். அதை நான்கு ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்து, மொட்டைமாடியில் வரிசையாக நின்று பேசுவார்கள்.

அப்புறம் வந்தது வரி வழக்கு. நான் படித்த படிப்புக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். போனுக்குள் போகிற சாஃப்ட்வேருக்காக ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி, ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குப் பணம் கட்டியது. அது ராயல்டி, ஆகவே டி.டி.எஸ். பிடித்திருக்கவேண்டும் என்றது வருமான வரித் துறை. இல்லை என்றது கம்பெனி. 2013-ல் சுமார் 2,000 கோடிக்கு நோட்டீஸ். பிறகு, விற்பனை வரி என்று மாநில அரசு 2,400 கோடி கேட்டது. நடுவில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2014 ஏப்ரலில் கை மாறியபோது, வழக்கில் மாட்டிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் மாறவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் வண்டி ஏறிய பிறகு ஒரு குழந்தையை மட்டும் மறந்துவிட்டுப் போன மாதிரி. ஜனங்களும் அதற்குள் தொடுதிரைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வி.ஆர்.எஸ். என்றால் நரைத்த தலை, பேங்க் மாமா என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்ததை ஸ்ரீபெரும்புதூரில் பார்த்தோம். 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. அந்த வருஷ முடிவிலேயே பாக்ஸ்கானும் இங்கே கடையைக் கட்டியது. உதிரி பாகக் கம்பெனிகள் சரம் வெடி மாதிரி ஒவ்வொன்றாக. எதிர் மாடி காலியாயிற்று. வீட்டுக்கார அம்மாள் ஏற்றிய வாடகையைத் தானே குறைத்தார்.

வரி வழக்கு? 2018-ல் இந்தியாவும் ஃபின்லாந்தும் உட்கார்ந்து பேசி, நோக்கியா சுமார் 20 கோடி யூரோ கட்டி முடித்துக்கொண்டது. அரசாங்கத்துக்கு அரசாங்கம் பேசினால் தீர்ந்துவிடுகிற விஷயம்தான். நாலு வருஷம் முன்னால் பேசியிருக்கலாம்.

* * *

ஆலைகள் மட்டுமா போயின? கம்பெனிகளும்தான். 2010 வாக்கில் ஒரு பெட்டிக்கடையில் பத்துப் பதினோரு கம்பெனி சிம் தொங்கும். வெற்றிலை பாக்கு கேட்டால் சிம் கொடுப்பார்கள். 2005 கடைசியில் 'லைஃப்டைம்' என்று ஒரு திட்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? 999 ரூபாய் கட்டினால் ஆயுசு முழுக்க இன்கமிங். யாருடைய ஆயுசு என்று கேட்டால், கம்பெனி லைசென்ஸின் ஆயுசு என்று பதில் வந்தது. என் பாட்டி தீர்க்காயுசாக இருந்தார். பல கம்பெனிகள் இல்லை.

ஹட்ச் 2007-ல் வோடஃபோன் ஆயிற்று. நாய்க்குட்டி மட்டும் பழையபடி வந்தது. ஏர்செல் கதைதான் பரிதாபம். சென்னையில் பிறந்து, தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய், சி.எஸ்.கே. பனியனிலேயே பேர் போட்டிருந்த கம்பெனி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து எல்லாம் இலவசம் என்றதும் ஆட்டம் கண்டது. 2018 பிப்ரவரியில் சிக்னல் போயிற்று. அந்த மாதக் கடைசியிலேயே திவால் மனு. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற எஸ்.எம்.எஸ். அனுப்பிக் கோடு நம்பர் வாங்கவேண்டும். சிக்னலே இல்லாத போனில் எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? கடை வாசல்களில் ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்கு வேண்டுகிற மாதிரி நின்றார்கள். பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த நம்பரில் அல்லவா?

இன்று தனியாரில் மூன்று, அரசாங்கத்தில் ஒன்று. பேசுவது இலவசம் மாதிரி. ஆனால் மாதா மாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் இன்கமிங்கும் நின்றுவிடும். சித்தப்பா கேட்கிறார்: "மறுபடியும் அவன் பேசுறதுக்கு நான் துட்டு கட்றேன், இல்ல?" இருபது வருஷம் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறோமோ என்று எனக்கும் சந்தேகம்தான்.

* * *

எங்கள் பக்கம் இப்போது மறுபடி ஜே ஜே. பாக்ஸ்கான் திரும்பி வந்து, ஸ்ரீபெரும்புதூரில் 2019-லிருந்து ஐபோன் செய்கிறது. பழைய நோக்கியா ஆலையை சார்ஜர் செய்கிற சால்காம்ப் வாங்குவதாக அதே வருஷம் அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் கட்டிய விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். எதிர் மாடியில் ஆறு பேர் இருந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தலைக்கு மேல் கூரை, கதவுக்குப் பூட்டு. நல்லதுதான்.

செய்யாறு அக்காவைப் போன மாதம் ஒரகடத்தில் பார்த்தேன். ஹாஸ்டல் பெண்களுக்கு மெஸ் நடத்துகிறார். பழைய கதை பேசினோம்.

"2015-ல மறுபடி ஒரு கம்பெனிக்குப் போனேன் தம்பி. எட்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு சொன்னேன். 'வயசு இருவத்தெட்டா? ட்ரெய்னியாத்தான் எடுப்போம்'னாங்க. எனக்கு ட்ரெய்னிங் குடுத்த பொண்ணுக்கு வயசு பத்தொம்பது. நான் வேலை கத்துக் குடுத்த பொண்ணோட தங்கச்சி அது!"

2011 ஜனவரி 20-லிருந்து, நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ள நாடு முழுக்க வழி உண்டு. போர்ட்டபிலிட்டி என்று பெயர். பி.எஃப். கணக்குக்குக்கூட 2014 அக்டோபரில், சரியாக அந்த ஆலை நிற்பதற்கு முந்தின மாதம், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வருகிற ஒரு நிரந்தர நம்பர் கொடுத்தார்கள். எட்டு வருஷத்துக் கைவேகத்துக்குத்தான் போர்ட்டபிலிட்டி இல்லை. ஒரு கம்பெனியில் சீனியர், அடுத்த கேட்டில் ஜூனியர். நாளைக்கு ஐபோனும் வேறு ஊர் பார்த்துப் போனால் அந்த 18,720 பேர் கையில் என்ன இருக்கும்? ஒரு சர்டிபிகேட், ஒரு கிரேடு, அடுத்த கேட்டில் செல்லுபடியாகிற ஏதாவது ஒன்று? ஆயிரம் ஏக்கர் நிலம் கொடுக்கிறவர்கள், கரண்டுக்குச் சலுகை கொடுக்கிறவர்கள், ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் குடி முழுகிவிடாது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நீ எழுதி வை தம்பி. சாம்பார் கொதிக்குது" என்று எழுந்தார்.

"அப்பா போன் இருக்கா அக்கா?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. பட்டன்ல நம்பர்தான் அழிஞ்சிருச்சு. ஆனா எங்க எது இருக்குன்னு அவருக்குத் தெரியும்."